பழிவாங்கும் நாடகங்கள் படித்த குளிர்காலம்

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் எடிசன் நகரில் குடியிருந்தபோது, சனிக்கிழமைக் காலைகளில் நான் கொலைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் தன் நண்பர்களிடம் அப்படித்தான் சொல்வார். "சாட்டர்டே ஆனா இவ மர்டர் கிளாஸுக்குப் போயிடுவா."

கல்யாணமாகி வந்த புதிது. என் விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லை, படிக்கலாம். காலையில் அவரை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுக் காரோடு வீட்டுக்கு வந்தால், மாலையில் மான்ஹாட்டனிலிருந்து அவர் திரும்பும்வரை எனக்கு ஒரு வேலையும் கிடையாது. பக்கத்து சமூகக் கல்லூரியில் கணக்கியல் சேரலாம் என்று போனேன். இடம் நிரம்பிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, இடம் மிச்சமிருந்த வகுப்புகளை வாசித்தாள். மண்பாண்டம் செய்தல், ஸ்பானிஷ், மறுமலர்ச்சிக் கால ஆங்கிலத் துன்பியல் நாடகங்கள். சென்னையில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள் நான். சுலபமாக இருக்கும் என்று கடைசியாகச் சொன்னதில் பணம் கட்டினேன்.

சுலபமாக இல்லை. ஆனால் விட முடியவில்லை. நானூறு வருடத்துக்கு முந்தைய அந்த நாடகங்களில் ஒருவன் மண்டையோட்டில் விஷம் தடவி அதை முத்தமிட வைக்கிறான். கைகள் வெட்டப்படுகின்றன. பைத்தியம்போல நடிக்கிறவனுக்கு உண்மையாகவே பைத்தியம் பிடித்துவிடுகிறது. எங்கள் பேராசிரியை அறுபது வயதைத் தாண்டிய ஒல்லியான அம்மா. சாவுக் காட்சிகளைச் சத்தமாக வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இந்த நாடகங்களில் வருகிறவன் முதலில் நியாயம் கேட்டுத்தான் அலைகிறான் என்று அவர் சொன்னார். நியாயம் சொல்லவேண்டிய இடத்தில் குற்றவாளியே உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் கத்தி. கத்தி வந்த பிறகு பழிவாங்குகிறவனுக்கும் செத்தவனைக் கொன்றவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது. இதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சினிமாக் கதை மாதிரி என் கணவரிடம் சொல்வேன்.

அந்த வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வகுப்பறைக்குள்ளும் கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்வார். முதல் நாள் இடைவேளையில் காப்பி மெஷின் அருகே என்னிடம் வந்து, "நீர் தமிழோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணம். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். இங்கே ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்த டேகேரில் உதவியாளர் வேலை. அந்த டேகேரில் முழு டீச்சர் ஆவதற்கு இந்த நாட்டுக் கல்லூரிப் பாடங்கள் சிலவற்றை முடித்திருக்க வேண்டும். "பத்து வருசத்துக்கு முந்தி நான் படிப்பிச்சதை இப்ப நான் காசு குடுத்துப் படிக்கிறன்" என்று சிரித்தார்.

அவருக்கு டிரைவிங் தெரியாது. அவருடைய கணவர் ஆஸ்பத்திரி லேபில் சனி ஞாயிறும் வேலை பார்ப்பவர். என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவர்கள் அபார்ட்மெண்ட். ஆகவே சனிக்கிழமைகளில் நான்தான் அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பிள்ளை என்பார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பேராசிரியை மேடையில் பைத்தியத்தைக் காட்டுவது பற்றிப் பேசினார். ஆண்களுக்குப் பைத்தியம் பிடித்தால் நிறையப் பேசுகிறார்கள், பெண்களுக்குப் பிடித்தால் பாடுகிறார்கள், இதை எழுதியதெல்லாம் ஆண்கள்தான் என்றார். பிறகு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பைத்தியத்தைக் காட்டச் சொல்லி ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டார். ஒரு பையன் தலைமுடியைக் கலைத்துக்கொண்டு கண்ணை உருட்டினான். எல்லோரும் சிரித்தோம். ஒரு பெண் சுவரோடு பேசினாள். கடைசியில் அக்காவின் முறை வந்தது.

அக்கா கோட்டோடு முன்னால் போனார். ஒரு நாற்காலியை எங்களைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினார். ஒரு முகத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு அடுத்த முகத்துக்குப் போவார். சில முகங்களைப் பார்த்து மட்டும், மிக மெதுவாக, ஒரு தரம் தலையை ஆட்டினார். மேலும் கீழும். அவ்வளவுதான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்த்தபோது ஆட்டவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று எனக்கே புரியவில்லை.

"இது என்ன?" என்று பேராசிரியை கேட்டார்.

"எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அக்கா தன் இடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவராகவே சொன்னார். "அது என்ர அம்மா."

அக்காவின் தம்பி ஏ.எல். என்ற பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். ஒரு விடியற்காலையில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது. ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்லி வரிசையாக நடக்கவிட்டார்கள். வரிசை போகும் வழியில் ஒரு ஜீப். ஜீப்பில் தலையில் சாக்கு மாட்டிய ஒருவன். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள். அவன் முன்னால் ஒவ்வொருவரும் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்து ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப்பட்டவனுக்கு அங்கே தலையாட்டி என்று பெயர். வேலிக்கு வெளியே பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் அம்மாவும் நின்றார். தம்பி முன்னால் வந்தபோது சாக்கு ஆடியது.

"பிறகு அவன் வரேல்லை" என்றார் அக்கா. "அம்மா எல்லா ஆமி காம்புக்கும் அலைஞ்சா. ஒரு வருசம். அதுக்குப் பிறகு ஒருநாள் வாசல்ல கதிரையப் போட்டு இருந்து, றோட்டால போற ஆக்களைப் பாத்துத் தலையாட்டத் தொடங்கிட்டா. சனம் எங்கட றோட்டால போறதையே விட்டிட்டுது. அந்தக் காலத்தில ஒருத்தர் தலையாட்டுறதெண்டா என்னெண்டு உமக்குத் தெரியாது பிள்ளை. வயசான ஆச்சிமாரே பயந்து ஓடினவை. இப்ப டொரண்டோவில அண்ணாவோட இருக்கிறா. அங்கயும் ஜன்னலுக்குப் பக்கத்தில இருந்து அதைத்தான் செய்யிறா."

"எந்த ஆமி அக்கா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பச்சை விழுந்திட்டுது. எடும்" என்றார்.

நான் காரை எடுத்தேன். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகுதான் அது என் நாட்டு ஆமி என்பதால்தான் அவர் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது. என் முகம் எரிந்தது. அதை மறைக்க வேறு கேள்வி கேட்டேன். "சாக்குக்குள்ள இருந்தது யாருன்னு தெரியுமா?"

"தெரியாமலென்ன. சாக்கு தலைக்குத்தானே? கால் தெரியும். ஃபுட்போல் விளையாடி மடிஞ்ச பெருவிரல். அம்மா கண்டவ. தம்பியோட ஒரே வகுப்பு. எங்கட குசினிக்குள்ள வந்து தானே போட்டுச் சாப்பிடுற பெடியன்."

அன்றிலிருந்து நான் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தது நாடகங்களுக்காக மட்டும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்காவின் துக்கம் எனக்குள் ஒரு ருசியைப்போல ஒட்டிக்கொண்டது. புத்தகத்தில் அரசர்களும் இளவரசர்களும் பேசிய வசனங்களுக்கு, என் காரில் என் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் உயிர் கொடுத்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் அக்கா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார். "அவன் இங்க இருக்கிறான் பிள்ளை."

"யாரு?"

"அந்தப் பெடியன். அவன்ர மகள் என்ர அறையிலதான்."

செப்டம்பரில் சேர்ந்த மூன்று வயதுக் குழந்தை. அம்மாக்காரி கலகலப்பான சின்னப் பெண். அக்கா யாழ்ப்பாணம் என்று தெரிந்ததும் தன் கணவரின் ஊர்ப்பெயரைச் சொல்லியிருக்கிறாள். அது அக்காவின் ஊர். ஆனால் அந்தக் கணவன் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு உள்ளே வர, அவன் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். ஒரு மாலை குழந்தையின் கையுறை ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். அக்கா அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். அவன் கண்ணாடியை இறக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்த அந்த முகத்தை அக்கா அடையாளம் கண்டுகொண்டார். மனைவிதான் அந்தப் பக்கத்திலிருந்து கை நீட்டி வாங்கினாள்.

"நீங்க என்ன பண்ணப் போறீங்க அக்கா?" என் குரலில் இருந்த ஆவல் எனக்கே கேட்டது.

"என்ன செய்யிறது? பிள்ளைக்குச் சோறு தீத்திறன். நித்திரையாக்கிறன்." பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "அவனுக்கு ஒரே ஒரு பிள்ளை. ஒவ்வொரு நாளும் விடியக் கொண்டந்து என்ர கையில தாறான். பாரும்."

அன்று வகுப்பில் படித்தது, எதிரியின் பிள்ளைகளைக் கொன்று கறியாக்கி அவனுக்கே விருந்து வைக்கும் கதை. பேராசிரியை வழக்கம்போல ரசித்து வாசித்தார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா சொன்னதையும் என் பயத்தையும் என் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "நீ அந்த டிராமாவெல்லாம் படிச்சுப் படிச்சு ஒரு மாதிரி ஆயிட்டே. அவங்க பாவம். இதை யார்கிட்டயும் சொல்லி வைக்காதே, டேகேர்ல தெரிஞ்சா அவங்க வேலை போயிடும்."

சரி என்றேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை அக்கா சொன்ன ஒன்றை அவரிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை. வீடு வந்த பிறகும் இறங்காமல், காருக்குள்ளேயே இருந்து, அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேற்றுப் பின்னேரம் பிள்ளைக்கு ஜாக்கெட் போட்டனான். மேல் பட்டனைப் பூட்டேக்க கை கழுத்தடியிலயே நிண்டிட்டுது. எவ்வளவு நேரமெண்டு தெரியேல்லை. பிள்ளை கூச்சத்தில சிரிச்ச பிறகுதான் எடுத்தனான்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. "குளிர்ல விறைச்சிருக்கும் அக்கா" என்றேன். அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

திங்கட்கிழமை என் கணவரை ரயிலேற்றிவிட்டு வந்து சமைக்க உட்கார்ந்தேன். வெங்காயம் நறுக்க முடியவில்லை. துணி மடிக்க முடியவில்லை. மத்தியானத்துக்கு மேல் பனி விழ ஆரம்பித்தது. பள்ளிகளைச் சீக்கிரம் மூடுகிறார்கள் என்று டிவியில் ஓடியது. நான் காரை எடுத்துக்கொண்டு டேகேருக்குப் போனேன். அங்கே போய் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தையைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது.

படியிறங்கினால் நீளமான ஒரு அறை. தாழ்ந்த கூரை, சின்ன மேசைகள், சுவரில் பருத்தி ஒட்டிய பனிமனிதர்கள். சில பெற்றோர் வந்து அவசர அவசரமாகக் குழந்தைகளுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் அக்கா தரையில் உட்கார்ந்து, பருப்புச் சோற்றைக் கையால் உருட்டி, சுருள்முடிக் குழந்தை ஒன்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வாய். ஆ காட்டு."

"நோ மோர்" என்றது குழந்தை. சொல்லிவிட்டு வாயைத் திறந்தது.

அக்கா என்னைக் கண்டார். "என்ன பிள்ளை, இந்தப் பக்கம்? ஸ்நோ கொட்டுது."

"சும்மாதான் அக்கா. என் ஃப்ரெண்டு ஒருத்தி குழந்தைக்கு டேகேர் தேடறா. அதான் பாத்துட்டுப் போலாம்னு..."

பேசிக்கொண்டே நான் குழந்தையைத்தான் பார்த்தேன். அதன் கழுத்தைப் பார்த்தேன். சட்டைக் காலருக்கு மேலே, காதுக்குக் கீழே. ஒரு கீறல்கூட இல்லை. என் கண் எங்கே போனது என்பதை அக்கா கவனித்துவிட்டார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கிப் போனது. குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"இந்தாரும், வடிவாப் பாத்துக்கொள்ளும். முழுசாத்தான் இருக்கிறாள்."

நான் குழந்தைகள் உட்காரும் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை சூடாக இருந்தது. அதன் வாயில் பருப்பு வாசம் அடித்தது. அக்கா கை கழுவப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

மற்றக் குழந்தைகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அங்கே பொறுப்பாக இருந்த அமெரிக்கப் பெண் அலுவலக அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தவள், கதவில் தலையை நீட்டி, இந்தக் குழந்தையின் அம்மா வேலையிடத்தில் பனியில் மாட்டிக்கொண்டாளாம், அப்பா வருகிறாராம் என்றாள்.

நான் அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அக்காவுக்குத் துணையாக இருக்கத்தான் உட்கார்ந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

அவன் வந்தான். தொப்பியில் பனி. என் வயதுதான் இருக்கும். எனக்குள் நான் வளர்த்து வைத்திருந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஓக் ட்ரீ ரோடில் ஏதாவது கடையில் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தால் மறந்துபோய்விடக்கூடிய முகம். கதவருகே மிதியடியிலேயே நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

"அக்கா" என்றான்.

அக்கா என் மடியிலிருந்து குழந்தையை வாங்கி ஜாக்கெட்டை மாட்டினார். பட்டன்களைக் கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பூட்டினார். மேல் பட்டனுக்கு வந்தபோது அவர் நிமிராமல் கேட்டார்.

"என்ர தம்பி உனக்கு என்னடா செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை அக்கா."

"பிறகேன்?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "என்னை அடிச்சு வச்சிருந்தவங்கள். ஆரையாவது காட்டு, காட்டாட்டி திருப்பி அந்த அறைக்குக் கொண்டுபோவம் எண்டவங்கள். இயக்கத்தில இருக்கிற ஒருத்தனைக் காட்டினா அவனைக் கட்டாயம் முடிச்சிடுவாங்கள். இவன் ஒண்டிலயும் இல்லாதவன். ரெண்டு கேள்வி கேட்டிட்டு விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன். நல்ல பிள்ளையெண்டபடியால்தான் அக்கா அவனைக் காட்டினனான்."

இப்போது அக்கா அடிப்பார், சாபமிடுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்றால், அது நடக்க வேண்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று ஆசைப்பட்டது. மூன்று மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அதற்குத்தான் பழகியிருந்தேன்.

அக்கா குழந்தையின் காலில் பூட்ஸை மாட்டப் பார்த்தார். கால் உள்ளே போகவில்லை. இரண்டு மூன்று தரம் முயன்றார். அவன் மிதியடியைத் தாண்டி வந்து முழங்காலிட்டு பூட்ஸை விரித்துப் பிடித்தான். இரண்டு தலையும் கிட்டக்கிட்ட இருந்தன. குழந்தை இருவர் தோளிலும் கையூன்றிக்கொண்டு, "டாடி, லெட்ஸ் கோ" என்றது.

"அம்மா இருக்கிறா. டொரண்டோவில" என்றார் அக்கா. "இப்ப எனக்குச் சொன்னியே, இதை ஒருக்கா அவவிட்டப் போய்ச் சொல்லு."

"ஏலாது அக்கா."

"என்னட்டச் சொன்னாய்தானே?"

"நீங்கள் கேட்டனீங்கள்." அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "நாளையிலயிருந்து பிள்ளைய இங்க விடமாட்டம்."

"ஏன்? அவள் என்ன செய்தவள்?" அப்போதுதான் அக்காவின் குரல் உயர்ந்தது. "இங்கயே விடு. அவள் என்னட்ட மட்டும்தான் சாப்பிடுறவள். விடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு படியேறினான். அவன் தோளுக்கு மேலாகக் குழந்தை எங்கள் இருவருக்கும் கை காட்டியது. நான்தான் திருப்பிக் கை காட்டினேன்.

அக்கா மேசைகளைத் துடைக்க ஆரம்பித்தார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு, "வாங்க அக்கா, ட்ராப் பண்றேன்" என்றேன்.

"வேண்டாம். அவவோட போறன்" என்று அலுவலக அறையைக் காட்டினார். பிறகு துடைப்பதை நிறுத்தாமல், "நீர் என்னைப் பாக்க வரேல்லைத்தானே?" என்றார். நான் கோட்டின் பட்டனைப் பூட்டிக்கொண்டேன். "றோட்டு வழுக்கும். பாத்துப் போம்."

அந்தச் சனிக்கிழமைதான் கடைசி வகுப்பு. வழக்கமான நேரத்துக்கு அவர் அபார்ட்மெண்ட் வாசலில் காரை நிறுத்தினேன். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வழியில் பனியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம்.

கடைசி நாள் என்பதால் அவரவர் எழுதியதை நின்று வாசிக்க வேண்டும். பழிவாங்குகிறவன் காத்திருக்கும் காலத்தைப் பற்றி நான் எழுதியிருந்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று பேராசிரியை பாராட்டினார். எனக்குக் காது கூசியது. அக்கா எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை. தனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது என்றார். எல்லோரும் செத்து விழுந்த பிறகு அந்த மேடையைக் கழுவுவது யார்?

சிலர் சிரித்தார்கள். கடைசியில் ஒரு அரசனோ தளபதியோ வந்து பிணங்களை எடுத்துப் போகச் சொல்வான் என்று பேராசிரியை விளக்கினார்.

"சொல்வது அரசன். கழுவுவது யார்?" என்று அக்கா மறுபடி கேட்டார். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. தனக்குத் தெரியவில்லை என்றார்.

திரும்பி வரும்போது அக்கா பேசினார். குழந்தை அதற்குப் பிறகு வரவில்லை. ஹூஸ்டனில் அந்தப் பெண்ணின் மாமா கடை வைத்திருக்கிறாராம். இரண்டே நாளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். போன பிறகு அந்தப் பெண் டேகேருக்குப் போன் செய்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. குழந்தை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள், நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள் ஆன்ட்டி என்று போனைக் குழந்தையிடம் கொடுத்திருக்கிறாள்.

"நான் தமிழில கேக்கிறன், சாப்பிட்டியோ எண்டு. அவள், 'ஆர் யூ கமிங் டுமாரோ?' எண்டு கேக்கிறாள். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன்."

வைப்பர் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் கேட்டேன், "அம்மாகிட்ட சொன்னீங்களா? அவன் சொன்னதை?"

"போனில சொன்னன். அம்மா ஒண்டும் பேசேல்லை. அங்க தலையாட்டினாவோ என்னவோ, எனக்கெப்பிடித் தெரியும்?" ஜன்னலில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "பிள்ளை, அவன் அப்பிடிச் சொன்ன பிறகு எனக்கு அவனில கோவம் வருகுதில்லை. வரப்பண்ணிப் பாக்கிறன். வருகுதில்லை. தம்பிக்கு நான் ஏதோ துரோகம் செய்த மாதிரிக் கிடக்கு. அந்தப் பிள்ளையையும் சும்மா இடம் மாத்தி அழவச்சாச்சு. ஆருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை."

அவர் வீடு வந்தது. என்ஜினை நிறுத்தினேன். "சாரி அக்கா" என்றேன். கடையில் யார் மீதாவது தள்ளுவண்டி இடித்துவிட்டால் சொல்வோமே, அந்த மாதிரிதான் அது வெளியே வந்தது.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீர் நினைச்சது முழுக்கப் பிழையெண்டு நான் சொல்ல மாட்டன். அந்தப் பட்டன் பூட்டின நாள் எனக்கே என்னில பயம் வந்தது. அதாலதானே உமக்குச் சொன்னனான்? ஆராவது கேக்கட்டும் எண்டு. நீர் என்னட்டக் கேட்டிருக்கலாம் பிள்ளை."

கதவைச் சாத்திவிட்டு, வழுக்காமல் இருக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறிப் போனார்.

அடுத்த பருவத்தில் எனக்குக் கணக்கியலில் இடம் கிடைத்தது. அவர் வேறொரு நாளில் குழந்தை வளர்ப்பு வகுப்பில் சேர்ந்தார். சேர்ந்து போக வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. போன் பண்ண வேண்டும் என்று நினைப்பேன். நினைத்து நினைத்து நாள் தள்ளிப்போகத் தள்ளிப்போக, பண்ணுவது இன்னும் கடினமாகியது. இரண்டு வருடம் கழித்து, என் கணவருக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஐசலினில் ஒரு மளிகைக் கடையில் அவரைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். முழு டீச்சராகிவிட்டாராம். கொஞ்சம் மெலிந்திருந்தார். என் வயிற்றைப் பார்த்துவிட்டு எத்தனை மாதம் என்று கேட்டார். ஆறு என்றேன். "சந்தோசம். நல்லாச் சாப்பிடும். இரும்புச்சத்து மாத்திரை போடுறீரோ?" என்று கேட்டு, ஒரு கீரைக் கட்டை எடுத்து என் கூடையில் போட்டார்.

நாங்கள் ஊரைவிட்டுப் போகிறோம் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. குழந்தை பிறந்ததும் எங்கள் டேகேருக்குக் கொண்டுவந்து விடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து, கூடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் சொல்லவில்லை. பில் போடுகிற வரிசை நகர்ந்தது.